மதகுப் பலகையைத் தூக்கியவள்

1

ஏப்ரல் பிறந்தால் இங்கே ட்ரவுட் மீன் பிடிக்கிற சீசன் திறந்துவிடும். மார்ச் கடைசியில் மீன்பிடிச் சங்கத்திலிருந்து தபாலில் ஒரு அட்டை வரும்: பெயர், உறுப்பினர் எண், பின்பக்கம் பொடி எழுத்தில் பதினாறு விதிகள். இந்த வருஷம் எனக்கு வரவில்லை. வராது என்று தெரியும். தெரிந்தும் கதவிடுக்கு வழியாக விழுகிற தபாலைத் தினமும் புரட்டிப் பார்க்கிறேன். நேற்று என் கணவர் சேகர் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா, நீயே விலகறேன்னு எழுதிக் குடுத்துட்டு நீயே தேடுறியே" என்றார். கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது.

ஏன் விலகினேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு தடவை எழுந்து டீ போட்டாயிற்று.

நான் இருப்பது இங்கிலாந்தின் தெற்கே ஒரு சின்ன நகரம். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. வந்து இருபத்திரண்டு வருஷம். பிறந்தது கீழ்வேளூருக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் எல்லாருக்கும் போன மிச்சமாக வந்து சேர்கிற ஒரு கடைமடை ஊர். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். இப்போது தம்பி செல்வம் அதே வயல்களில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைக்கிறான். ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. பண்ணை வாய்க்காலில் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து இரண்டு விரால் பிடித்ததற்காக, பண்ணைக் காரியக்காரர் என் அம்மாவைக் கரையில் நிற்க வைத்து வைதுவிட்டு, மீனைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியதைப் பார்த்தவள். இதில் உருகுவதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே, வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் நடக்கப் போனபோது, மரத்தில் அடித்திருந்த பலகையில் 'தனியார் ஆறு' என்று படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மரப்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். கண்ணாடித் தண்ணீர். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். அதில் புள்ளி புள்ளியாக மூன்று மீன்கள், தலை நீரோட்டத்துக்கு எதிராக, வாலை மட்டும் அசைத்துக்கொண்டு. ஒரு பெரியவர் தொப்பியைத் தொட்டு, மிக மரியாதையாக, "நடைபாதை அந்தப் பக்கம்" என்றார். காரியக்காரர் கெட்ட வார்த்தையில் சொன்னதை இவர் நல்ல வார்த்தையில் சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டேன். வீம்பு, வேறொன்றும் இல்லை. தூண்டில் கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அன்றைக்குத் தெரியாது.

ஒன்பது வருஷம் காத்திருப்போர் பட்டியலில் கிடந்தேன். இடம் கிடைத்த அன்று, ஆற்றில் எனக்கும் பங்கு வாங்கிவிட்டேன் என்று செல்வத்திடம் போனில் சொன்னேன்.

"ஆத்த எப்புடிக்கா வாங்குவாங்க?"

"ஆத்த இல்லடா. மீன் புடிக்கிற உரிமைய."

"ஓ, நம்ம ஊரு கொளத்து ஏலம் மாரி."

"அதேதான்."

"எவ்ளோ மீனு தேறும்?"

"புடிச்சுட்டுத் திருப்பி ஆத்துலயே விட்டுருவோம்."

பிறகு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நீ நல்லாத்தான இருக்க?"

2

இங்கே தூண்டிலில் புழு குத்தக்கூடாது. கோழி இறகையும் முயல் மயிரையும் நூலால் முள்ளில் கட்டி ஈ மாதிரி செய்துகொள்ள வேண்டும். அந்தப் பொய் ஈயை, நிஜ ஈ வந்து உட்காருவது போல, தண்ணீர் மேல் சத்தமில்லாமல் உட்கார வைக்க வேண்டும். கோலைப் பின்னால் வீசி, ஒரு கணம் பொறுத்து, முன்னால் விட வேண்டும். அந்த ஒரு கணம்தான் எனக்கு வராது. "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டுத் தமிழில் எண்ணியும் வராது. முதல் வருஷம் முழுக்க நான் பிடித்தவை ஆல்டர் மரக் கிளைகள்.

சொல்லிக் கொடுக்க ஆள் யாரும் இல்லை. விழுந்து எழுந்துதான் பழகினேன். ஏப்ரலில் தண்ணீர் எலும்பைக் குத்தும், மீன் அடியிலேயே கிடக்கும், விரல் மரத்து முடிச்சுப் போட வராது. மே கடைசியில் பெரிய வெளிர் ஈக்கள் ஆற்றிலிருந்து கிளம்பும். அவற்றுக்குச் சிறகோடு வாழ்க்கை ஒரு நாளோ இரண்டு நாளோதான். அந்த இரண்டு வாரம் ட்ரவுட்டுகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், எதைப் போட்டாலும் கவ்வும். ஜூலையில் அவற்றுக்குப் புத்தி தெளிந்து, என் ஈயின் அருகே வந்து, முகர்ந்து, திரும்பிப் போகும். செப்டம்பர் முடிவில் சீசன் முடிந்துவிடும். மார்கழிக் குளிரில் மீன்கள் ஆழமில்லாத இடத்துக் கூழாங்கற்களைப் பறித்து முட்டையிடும்.

இதையெல்லாம் அமைதி என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அமைதி வந்ததே இல்லை. ஒரு இடத்தில் பத்து நிமிஷம் நின்றால் கால் குறுகுறுக்கும். அடுத்த வளைவில் இன்னும் நல்ல மீன் இருக்கும் என்று தோன்றும். அங்கே போனால் விட்டுவந்த இடம் இழுக்கும். என் இருபத்திரண்டு வருஷமும் இப்படித்தான் போயிற்று. இந்திய பாஸ்போர்ட்டை விடவும் மனசில்லை, திரும்பிப் போகவும் மனசில்லை. மகள் யாழினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது அவள் ஆங்கிலத்திலேயே சண்டை போடுகிறாள், நான் தமிழிலேயே தோற்கிறேன்.

ஆற்றைப் பார்த்துக்கொள்பவர் கிரஹாம். ஐம்பத்தெட்டு வயது, சங்கத்துக்குச் சம்பள ஆள். அவரும் மனைவி லிண்டாவும் ஆற்றங்கரையிலேயே சங்கத்து வீட்டில் இருக்கிறார்கள். வேலை போனால் வீடும் போய்விடும். பாசி வெட்டுவது, கரை கட்டுவது, மதகுப் பலகைகளைப் பூட்டித் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நான் கரையில் மேலும் கீழும் நடப்பதைப் பார்த்து ஒரு நாள் சொன்னார்: "நீங்க மீன் பிடிக்க வர்றதா எனக்குத் தோணல. எதையோ தொலைச்சுட்டுத் தேடற மாதிரி இருக்கு." ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அது தமிழில்தான் கேட்டது. அந்த ஆற்றில் என்னிடம் வானிலை தவிர வேறு எதையாவது பேசிய ஒரே ஆள் அவர்.

3

போன ஆகஸ்டில் இங்கே ஏழு வாரம் மழை இல்லை. அங்கே ஊரில் ஆடிக் கடைசியில் ஒரு மழை பெய்ததை நம்பி செல்வம் நேரடி விதைப்பாக நெல்லைத் தெளித்திருந்தான். முளைத்துவிட்டது. அதற்குப் பிறகு மழையும் இல்லை, வாய்க்காலில் தண்ணீரும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை அவன் போன் செய்தபோது குரலே சரியில்லை.

"பயிரு கருகுதுக்கா. வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. மேல ஷட்டர எறக்கிப் பூட்டு போட்டு வச்சிருக்கானுவ."

"ஆபீசர்கிட்ட சொன்னீங்களா?"

"மூணு நாளா போயி நிக்கிறோம். மொறை வந்தாத்தான் வுடுவேன்ங்கறாரு. பயிருக்கு மொறை தெரியுமாக்கா?"

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் சமையலறையில் நின்றுகொண்டு "பாத்துக்கடா" என்றேன். போனை வைத்துவிட்டு, இருப்புக் கொள்ளாமல் கோலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன்.

ஆற்றிலிருந்து ஒரு கிளை வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு பழைய மதகு இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தேக்குப் பலகைகள். கோடையில் அவற்றை அடைத்து வைத்தால்தான் பெரிய ஆற்றில் தண்ணீர் நிற்கும். அன்று மதகுக்குக் கீழே வாய்க்கால் வற்றி, அங்கங்கே முழம் அகலக் குட்டைகளாகக் கிடந்தது. ஒவ்வொரு குட்டையிலும் விரல் நீளத்துக்கு ட்ரவுட் குஞ்சுகள், நெருக்கியடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. மதகுக்கு மேலே நிறைந்த தண்ணீர். கீழே கடைமடை.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். கோலைப் புல்லில் போட்டேன். பலகைச் சட்டத்தில் எப்போதும் தொங்கும் பூட்டு அன்று இல்லை. அங்கேயே கிடந்த இரும்புக் கொக்கியை மாட்டி மேல் பலகையை உருவினேன். போதவில்லை. இரண்டாவதையும் உருவினேன். இடுப்பு முறிகிற கனம். என் அப்பா மடை திறக்கும்போது விடுகிற அதே முக்கல் என் வாயிலிருந்து வந்தது.

தண்ணீர் பாய்ந்தது. முதலில் தெளிவாக, பிறகு கலங்கலாக, பிறகு கெட்டியான பழுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் ஊரில் புதுத் தண்ணீர் அப்படித்தான் வரும். செம்மண் நிறத்தில், குப்பையை உருட்டிக்கொண்டு வரும். எவ்வளவு கலங்கலோ அவ்வளவு வண்டல், அவ்வளவு நெல். அம்மா அதில் பூப்போட்டுக் கும்பிடுவாள். தெளிந்த தண்ணீர் வந்தால்தான் முகம் சுளிப்பார்கள், சத்தில்லாத தண்ணீர் என்று. நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, அந்தப் பழுப்புத் தண்ணீர் குட்டை குட்டையாக நிரப்பிக்கொண்டு போவதைக் கண்குளிரப் பார்த்தேன். அந்த ஆற்றங்கரையில் மனசு நிலைத்து உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான்.

வீட்டுக்கு வந்து செல்வத்துக்குப் போன் செய்தேன். "இங்க ஒரு மதகத் தொறந்து வுட்டுட்டேன்டா!"

"அப்புடிப் போடு!" என்று சிரித்தான். "ஆபீசர் வந்தா நான் ஊருலேர்ந்து தொறந்தேன்னு சொல்லிப்புடு."

4

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. 'மதகு அனுமதியின்றித் திறக்கப்பட்டுள்ளது.' பலகைகளுக்குப் பின்னால் பல வருஷமாகத் தேங்கியிருந்த சேறு முழுக்க வாய்க்காலில் இறங்கிவிட்டது. ட்ரவுட்டுக்குச் சேற்றுத் தண்ணீரில் மூச்சு விட முடியாது, செவுளில் அடைத்துக்கொள்ளும். குஞ்சுகள் எல்லாம் செத்துப்போயின. கீழே, முட்டையிடுகிற கூழாங்கல் பரப்பின் மேல் சேறு படிந்துவிட்டது. கிரஹாம் ஒரு வாளியின் படத்தை அனுப்பியிருந்தார். வாளி நிறையச் செத்த குஞ்சுகள்.

எந்தத் தண்ணீரைக் கும்பிட்டேனோ அது அவற்றுக்கு விஷம். பன்னிரண்டு வருஷம் அந்த ஆற்றில் இறங்கியிருக்கிறேன், கூழாங்கல்லைப் பறித்து முட்டையிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், இருந்தும் உறைக்கவில்லை பாருங்கள். படித்த கழுதை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரசு நீர்வளத்துறையிலிருந்து விசாரணைக் கடிதம் வந்திருப்பதாக அடுத்த மின்னஞ்சலில் இருந்தது. என் மேசையில் வேறொரு அரசுக் கடிதம் கிடந்தது. இருபத்திரண்டு வருஷம் தள்ளித் தள்ளி, ஒருவழியாக அந்த ஜூலையில்தான் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். அதில் ஒரு கேள்வி: உங்கள் நன்னடத்தையைச் சந்தேகிக்க வைக்கும் எதையாவது செய்திருக்கிறீர்களா? 'இல்லை' என்று டிக் அடித்திருந்தேன். மனுவுக்குப் பின் ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்கவும் என்றும் இருந்தது.

சேகர், "மீன் செத்ததுக்கெல்லாம் யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. ஆனா நீயாப் போயி மாட்டிக்காத. பேப்பர் கைக்கு வரட்டும்" என்றார். யாழினி பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னபோது, "யாராச்சும் கேட்டாங்களாம்மா?" என்றாள்.

"எல்லாருக்கும் பொதுவா ஈமெயில் போட்டிருக்காங்க."

"உன்னைக் கேட்டாங்களான்னு கேட்டேன்."

"இல்ல."

"அப்ப நீ பொய் சொல்லல" என்று ஜிப்பை இழுத்து மூடினாள். அவளை அப்படி வளர்த்தது யார் என்று நினைத்துப் பார்த்தேன். அதே செப்டம்பரில் அவள் போனாள். வாரம் ஒரு தடவை போன் என்று பேச்சு, மூன்றாவது வாரமே மெசேஜ் ஆகிவிட்டது.

ஊரில் எங்கள் தெருவில் யாராவது ஷட்டரைத் திறந்துவிட்டால், ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்குவார். "யாருய்யா தொறந்தது?" என்பார். தெருவே எழுந்து நிற்கும், "நாங்கதாங்க தொறந்தோம்." நாற்பது பேர் மேல் எப்படி வழக்கு எழுதுவார்? வைதுவிட்டுப் போய்விடுவார். அங்கே தப்பைத் தனியாகச் சுமக்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை. இங்கே என்னோடு எழுந்து நிற்கத் தெரு எங்கே இருக்கிறது? இப்படி நியாயம் பேசிப் பேசியே செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. சீசன் முடிகிறவரை நாலு தடவை ஆற்றுக்குப் போனேன். கிரஹாமைத் தூரத்தில் பார்த்தால் வேறு வழியாகச் சுற்றிப் போனேன். செல்வத்துக்கு மழையும் பெய்து, முறைத் தண்ணீரும் வந்து, பயிர் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டது. அதற்குச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

கிரஹாமுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

5

நவம்பரில் ஒரு நாள் உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து கரையைச் சுத்தம் செய்வது வழக்கம். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். கருவிக் கொட்டகையில் அரிவாள் எடுக்க நுழைந்தபோது, சுவரெல்லாம் மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். கிரஹாமின் கையெழுத்து. 'மதகுப் பூட்டு: பார்த்தேன், காலை எட்டு மணி.' 'மதகுப் பூட்டு: மறுபடி பார்த்தேன், ஒன்பது.' 'பெட்ரோல் கேன் மூடினேன்.' 'இந்தக் கதவு.'

சங்கச் செயலாளர் என் பின்னால் வந்து நின்றார். "பாவம் கிரஹாம்" என்றார். "மதகைத் திறந்தது தான்தான் போலிருக்கிறது என்று தானே சங்கக் குழுவிடம் வந்து சொல்லிவிட்டார். அன்று காலை பூட்டுக்கு எண்ணெய் போடக் கழற்றியது ஞாபகம் இருக்கிறதாம். பலகையைத் தூக்கியது துளியும் ஞாபகம் இல்லையாம். அவர் அப்பாவுக்கும் இதே வயதில்தான் மறதி தொடங்கியதாம். வருஷக் கடைசியோடு போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்."

அரிவாளை அங்கேயே வைத்துவிட்டேன். மிஞ்சிப்போனால் அந்த மனுஷனுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் தன் மூளையையே சந்தேகப்படுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவுக்கும் நீர்வளத்துறைக்கும் குடியுரிமை அலுவலகத்துக்கும் மூன்று கடிதம் எழுதினேன். சங்கத்திலிருந்து விலகினேன். மனு இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது. கிரஹாம் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறார். இவையெல்லாம் காகிதத்தில் நடந்தவை. அன்று நடந்தது வேறு.

கொட்டகையிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கிரஹாம் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. நான் உட்காரவில்லை.

"மதகைத் திறந்தது நான்" என்றேன். "ஆகஸ்டில். நீங்கள் இல்லை."

அவர் நம்பவில்லை. யாரோ இரக்கப்பட்டு அனுப்பிய ஆள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"எத்தனை பலகை?" என்றார்.

"மேல் பலகை ரெண்டும்."

"எடுத்து எங்க வச்சீங்க?"

"வலது பக்கம். புல்லு மேல, ஒண்ணு மேல ஒண்ணா."

"வலது பக்கம்" என்று திருப்பிச் சொன்னார். "முப்பது வருஷமா நான் இடது பக்கம்தான் வைப்பேன். அது எப்படி வலது பக்கம் கிடந்துதுன்னு மூணு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"லிண்டா!" என்று கத்தினார். "லிண்டா, நான் இல்ல! நான் இல்லவே இல்ல!"

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி, நன்றி என்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

லிண்டா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் செய்தித்தாளில் பாதி சுற்றிய ஒரு கோப்பை. அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பை அணைச்சேனா அணைச்சேனான்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை என்னைக் கேட்டாரு" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "கார் ஓட்டறத விட்டாரு. எங்க பேத்திக்கு ஆறு மாசம் ஆகுது. கீழ போட்டுருவேன், எங்கயாவது வச்சுட்டு மறந்துருவேன்னு பயந்து, ஆகஸ்ட்லேர்ந்து அவளை ஒரு தடவைகூடக் கையில வாங்கல."

மன்னிச்சுடுங்க என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்று தெரியவில்லை. பின்னால் கிரஹாம் அதற்குள் மகளுக்குப் போன் போட்டிருந்தார். "குழந்தையைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இல்ல, நாளைக்கு இல்ல, இப்பவே." லிண்டா கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய், வாசல் கதவைத் திறந்து, நான் வெளியே போவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.